எந்த 'பி'?
(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் தமிழ்ப் பண்டிதன் அல்ல. ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கார் தொழிற்சாலையில் பாடி ஷாப், பெயிண்ட் ஷாப் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், லாரி டிரைவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமே என்று தமிழில் ஒரு போர்டு வைத்தேன்: 'பி ஷாப் – இடது பக்கம்'. நான் நினைத்தது பாடி ஷாப்பை. பெயிண்ட் ஏற்றி வந்த லாரியும் இடது பக்கமே போய்விட்டது! "ஏம்பா, இது எந்த பி?" என்றார் சூப்பர்வைசர். நம் எழுத்தில்தான் குறையோ என்று அன்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகுதான் யோசித்தேன். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று சொல்லிப் பாருங்கள். அதில் இரண்டு 'ப' வரிசை எழுத்துகள். 'பெ' அழுத்தமாக ஒலிக்கிறது. 'ம்' முன்னால் நிற்பதால் 'பு' மென்மையாகிறது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து தேவைப்படுகிறது. நம் நாக்கு, யாரும் சொல்லித் தராமலே, சரியாகப் புரள்கிறது. சொல்லின் முதலிலும், இரட்டிக்கும்போதும் வன்மை. உயிரோசைகளுக்கு நடுவிலும், மெல்லினத்தை அடுத்தும் மென்மை. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை விரிவாகப் பேசுகிறார். வெளிமொழிச் சொல் வரும்போதுதான் சிக்கல். 'பாவம்' என்று எழுதினால் செய்த பாவமா, நாட்டியத்தில் காட்டும் பாவமா?

நம் வட்டாரத்தில் கொரியர்கள் நிறைய இருக்கிறார்கள். செஜோங் மன்னர் 1446-ல் வெளியிட்ட அவர்களுடைய எழுத்திலும் இதே கதைதான். ஒரே எழுத்து, சொல்லின் முதலில் வன்மை, உயிர்களுக்கு நடுவே மென்மை. அவர்களுடைய பூசான் துறைமுகத்தை ஆங்கிலத்தில் முன்பு 'பேப்பர்' பி போட்டு எழுதினார்கள். 2000-ல் அரசு விதியை மாற்றியதும் 'பால்' பி வந்தது. கொரிய எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

இதில் வேடிக்கை மட்டும் இல்லை, தம்பிகளே. 'கதிர்' என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒருவர் 'டைகர்' டி போடுவார், ஒருவர் 'டாக்' டி போடுவார், இன்னொருவர் கூடவே ஹெச் சேர்ப்பார். எங்கள் லைனில் ஒரு பையனுக்கு மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பி.எஃப். கணக்கில் ஒன்று. தங்கை கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போனான். பெயர் ஒத்துப்போய்ப் பணம் கைக்கு வந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது. "தமிழ்ல ஒரே பேருதானே சார்!" என்றான். உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள்.

அதனால், படித்து முடிப்பதற்குள் எல்லாச் சான்றிதழ்களையும் எடுத்து வைத்து, உங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

போர்டை என்ன செய்தேன் என்கிறீர்களா? 'பாடி', 'பெயிண்ட்' என்று முழுசாக எழுதினேன். அதன் பிறகு எந்த லாரியும் வழி தவறவில்லை. குறை தமிழ் எழுத்தில் இல்லை, என் சோம்பலில்தான்!