கையில் எடுத்தால்தான் குற்றம்



வண்டி ஓட்டும்போது போனில் வழி பார்ப்பது தேவையா, ஆபத்தா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. தேவை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சட்டமே தடுத்துவிட்ட பிறகு வாதம் எதற்கு என்று எதிரணிப் பேராசிரியர் அம்மா கேட்டார்கள். சட்டம் எதைத் தடுத்தது? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதமும் உயர்ந்தது. முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 10,000. எல்லாம் உண்மை. ஆனால் இடையில் 2020 இருக்கிறதே! அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மத்திய விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் கலையாதபடி, வழி அறிவதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. பேசுவதற்கு இல்லை, மெசேஜ் பார்ப்பதற்கு இல்லை, வழிக்கு மட்டும். அந்த ஒரு வாசலைத் திறந்துவைத்தது நியாயம்தான் என்பது எங்கள் அணியின் கட்சி.

நியாயம் யாருக்கு? இதோ நம் பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். முதுகில் பெரிய டெலிவரி பையோடு ஒரு தம்பி வருவான். ஊர் திருவண்ணாமலைப் பக்கமாக இருக்கலாம், ராமநாதபுரமாக இருக்கலாம். மெட்ரோ வேலைக்காக ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் வழி மாற்றிவிட்டிருப்பார்கள். சுற்றிக்கொண்டு வந்திருப்பான். ஹேண்டில்பாரில் ஹோல்டர், அதில் போன், மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. மேப் அவனை வாரியக் குடியிருப்பு வாசல் வரை ஒழுங்காகக் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கே எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, பாதி நம்பர் சுவரில் அழிந்திருக்கும். அப்போது அடிக்கும் போன். "எங்கப்பா இருக்கே? இன்னும் வரல?" வலது கை ஆக்ஸிலேட்டரில், இடது கையால் போனை உருவி, ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு அவன் வண்டியை உருட்டுவான்.

நடுவர் ஐயா, இந்தக் காட்சியில் ஆபத்து எங்கிருந்து வந்தது? ஹோல்டரில் இருந்தவரை அந்த மேப் அவன் கையைக் கேட்கவில்லை. கையைக் கேட்டது அந்த அழைப்பு. மேப்பை எடுத்துவிட்டால் அவனுக்கு ஒரு அழைப்பு வருகிற இடத்தில் ஐந்து அழைப்பு வரும். "பஸ் டெர்மினஸ் தாண்டி லெஃப்ட் எடுப்பா, அப்புறம் ரெண்டாவது சந்து" என்று ஒவ்வொன்றையும் காதில் போனை வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

"வாயிருந்தால் வங்காளம் போகலாம், வழி கேட்க மெஷின் எதற்கு?" என்றார்கள். போகலாம் அம்மா, பகலில் போகலாம். வேலை முடிந்து பின்னிரவில் தனியாக ஸ்கூட்டரில் திரும்புகிற பெண் ஒருத்தி, கிரீன்வேஸ் சாலையில் யாரை நிறுத்தி வழி கேட்பாள்? யாரிடமும் கேட்காமல் வீடு வந்து சேர்வது அவளுக்குப் பாதுகாப்பு. கூகுள் மேப் 2018 முதல் தமிழிலும் வாய்விட்டு வழி சொல்கிறது. ஆங்கிலம் தெரியாத ஆட்டோ அண்ணன் திரையைப் பார்க்காமலே திரும்ப முடிகிறது. போஸ்டர் ஒட்டி மறைத்த தெருப் பலகையைத் தேடிக் கழுத்தை வளைப்பதைவிட அது நல்லதா, இல்லையா?

எதிரணியின் கனமான வாதத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, முடியாத பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் காட்டிய வழி அது என்றார்கள். நெஞ்சு பதறுகிற செய்திதான். ஆனால் அந்த வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் பெயரும் சேர்ந்ததே, ஏன்? அந்தப் பாலத்துக்கு முன்னால் வண்டியை மறிக்க உருப்படியான தடுப்பு இல்லை என்பதால். நமக்குப் பக்கத்திலேயே அடையாறு முகத்துவாரத்தில், 1967-இல் கட்டி 1977-இல் இடிந்த ‘உடைந்த பாலம்’ நிற்கிறது. பாலம் உடைந்தால் பாதையை அடைப்பது அரசின் கடமை, போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதே 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் மேப்பை நம்பிப் படிக்கட்டில் இறங்கிச் சிக்கியது. அங்கே குறை ஓட்டியவருடையது, மறுக்கமாட்டேன். எதிரே இருப்பதைப் பார்க்கிற பொறுப்பை எந்த மேப்பிடமும் ஒப்படைக்க முடியாது.

கண் விலகுவது ஆபத்து என்றார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி குனிந்தால் 22 மீட்டர் கண் மூடி ஓட்டியதாக அர்த்தம். அதனால்தான் கிளம்பும் முன் வழியைப் போட்டுவிட வேண்டும், மாற்ற வேண்டுமானால் ஓரம் கட்ட வேண்டும் என்கிறோம். உலகமும் இந்தக் கோட்டில்தான் வந்து நிற்கிறது. பிரிட்டன் 2022 மார்ச்சில் சட்டத்தை இறுக்கியது. போனைக் கையில் எடுத்தால் 200 பவுண்டு, ஹோல்டரில் வைத்து மேப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் 2014-இல் ஒரு நீதிமன்றம் கையில் வைத்து மேப் பார்த்தவரை விடுவித்தது. பிறகு சட்டத்தையே மாற்றினார்கள். 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மேப் பார்ப்பதற்காகக் கையில் பிடிப்பதும் குற்றமே என்றது. அங்கேயும் பொருத்தி வைத்த போனுக்குத் தடை இல்லை.

நம் விதியில் ஒரு குறை உண்டு. "கவனம் கலையாதபடி" என்று எழுதியவர்கள், போனைப் பொருத்தி வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. எப்போது கவனம் கலைந்தது என்பதை சிக்னலில் நிற்கிற காவலர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அவருக்கும் சங்கடம், ஓட்டுபவருக்கும் சங்கடம். அதைத் திருத்தட்டும்.

நடுவர் ஐயா, தீர்ப்பில் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் இப்படி ஆப் வழியாக டெலிவரி செய்கிற தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் வந்திருக்கிறது. பையும் டீ ஷர்ட்டும் கொடுக்கிற நிறுவனங்கள் உறுதியான ஹோல்டர் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த வாரியம் கேட்கட்டும். எதிரே இருக்கும் அக்கா, தங்கச்சிமாரே, நீங்கள் ஆர்டர் போடும்போதே பிளாக் நம்பர், மாடி, பக்கத்தில் இருக்கிற கடை மூன்றையும் எழுதிவிடுங்கள். வண்டி நகர்வது உங்கள் திரையில் தெரிகிறபோது அந்தத் தம்பிக்குப் போன் போடாதீர்கள்.