பழுதும் பதிவேடும்



சிங்கப்பூர் சென்று வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கின்றனர். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனை வணங்கி, தேக்காவில் பொருள் வாங்கி, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறுவோருக்கு, வண்டி நேரத்திற்கு வருவது இயல்பான செய்தியாகவே தோன்றும். ஆனால், கடைசி வண்டி சென்ற பின் தொடங்கி முதல் வண்டி புறப்படுமுன் முடியவேண்டிய பராமரிப்பு வேலை ஒவ்வோர் இரவும் அதன் பின்னே நடைபெறுகின்றது. அந்நகரின் பழைய ரயில் பாதைகளில் இவ்வேலை தவறிய மூன்று நிகழ்ச்சிகளை இன்று எண்ணிப் பார்ப்போம். நமது பால் ஸ்டோரில் சுழலும் உருளை இயந்திரம் அந்த ரயிலைவிட அளவில் சிறியதுதான். எனினும் இரண்டும் பழுதுபடும் விதம் ஒன்றே.

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7ஆம் நாள் ஓடத் தொடங்கியது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2011 டிசம்பர் 15ஆம் நாளும் 17ஆம் நாளும் வடக்கு-தெற்குப் பாதையில் வண்டிகள் நின்றுபோயின. இரு நாளும் சேர்த்து 2 லட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் அவதியுற்றனர். வண்டிக்கு மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளத்தைத் தாங்கும் கவ்விகள் சில கழன்று விழுந்தன, தண்டவாளம் தொய்ந்தது, மின்சாரத்தைப் பெறும் உறுப்புகள் சேதமுற்றதால் வண்டிகள் அசைவற்று நின்றன. இக்கவ்விகள் அதற்கு முன்னரும் கழன்றதுண்டு. கழன்றதை மீண்டும் மாட்டினால் அன்றைய வேலை முடியும். ஆனால் அது ஏன் கழன்றது என்ற கேள்வி முடிவதில்லை. பராமரிப்புச் செம்மையாக இருந்திருப்பின் இவ்விரு நிகழ்ச்சிகளையும் தவிர்த்திருக்கலாம் என்பதே 2012இல் அறிக்கை தந்த விசாரணைக் குழுவின் முடிவாகும்.

இரண்டாவது நிகழ்ச்சி உயிரைப் பறித்தது. 2016 மார்ச் 22ஆம் நாள், பாசிர் ரிஸ் நிலையத்தருகே தண்டவாளக் கருவி ஒன்றில் தோன்றிய கோளாற்றைச் சோதிக்க ஊழியர் குழு ஒன்று பாதையில் இறங்கியது. அங்கே வண்டி வராதபடி முன்கூட்டியே தடுத்திருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு முறை கடைப்பிடிக்கப்படவில்லை. வந்த வண்டி மோதி, பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர் இருவர் மாண்டனர். பழுதை நீக்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. எத்துணை அவசரப் பழுதாயினும், முதற்கடமை ஓட்டத்தை நிறுத்துவது என்பதை இதனினும் கொடிதாக எடுத்துக்காட்ட இயலாது.

மூன்றாவது நிகழ்ச்சியையே நாம் மிகவும் ஆழ்ந்து எண்ண வேண்டும். 2017 அக்டோபர் 7ஆம் நாள் பெருமழை பெய்தது. பீஷானுக்கும் பிரேடலுக்கும் இடையே உள்ள சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. குழியில் நீர் உயர்ந்தால் தாமாகவே ஓடி அதனை வெளியேற்ற வேண்டிய நீரிறைக்கும் பம்புகள் அன்று ஓடவில்லை. நீர்மட்டம் கண்டு அவற்றை இயக்கும் மிதவைச் சுவிட்சுகள் செயலிழந்திருந்தன. அங் மோ கியோவுக்கும் நியூட்டனுக்கும் இடையே ஏறத்தாழ 20 மணி நேரம் ரயில் இல்லை. பின்னர் பதிவேட்டைப் புரட்டினால், 2016 டிசம்பர், 2017 மார்ச், 2017 ஜூன் ஆகிய மாதங்களில் அப்பம்புகள் பராமரிக்கப்பட்டதாகக் கையொப்பம் இருந்தது. ஆனால் வேலை நடைபெற்றிருக்கவில்லை!

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் நம் முன்னோர். அங்கோ அணை ஏட்டில் மட்டுமே இருந்தது. வெறுமையான பதிவேடு 'இங்கே வேலை ஆகவில்லை' என்றாவது மேலாளருக்கு அறிவிக்கும். பொய்யான பதிவேடு அவரை உறங்கவைத்துவிடும்.

இனி நம் தோட்டத்திற்கு வருவோம். உறைந்த ரப்பரைத் தகடாக அழுத்தும் உருளையில் புதிய ஓசை கேட்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனை முதலில் கேட்பவர் பொறியாளர் அல்லர். அருகே நின்று தகடு விடும் அம்மையாரே. அவர் உடனே மண்டோரிடம் சொல்ல வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, 'வேலை நடக்கிறது, தொடாதே' என்ற அட்டையைச் சுவிட்சில் மாட்டிய பின்னரே கை வைக்க வேண்டும். எந்த உறுப்பு கெட்டது, ஏன் கெட்டது, எது மாற்றப்பட்டது, ஓட்டிப் பார்த்தவர் யார் என்பவற்றை அன்றே எழுத வேண்டும். தற்காலிகக் கட்டு எனில், 'தற்காலிகம்' என்றே எழுதி, நிரந்தர வேலைக்கு நாளும் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, கிராணியார் எழுதலாம், அதில் இழுக்கில்லை.

மண்டோர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு சொல். பழுதைச் சொல்ல வந்தவரை, "வேலையைக் கெடுக்கிறாயா?" என்று ஒரு முறை அதட்டினால் போதும், மறுமுறை அவர் வாய் திறக்க மாட்டார். பின்னர் பதிவேட்டில் நல்ல செய்தி மட்டுமே இருக்கும். கெட்ட செய்தி இயந்திரத்தினுள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். நேரமின்மையால் வேலை முடியவில்லையெனில், 'முடியவில்லை' என்று எழுதுவோரைத் தண்டிக்காதீர்கள். அந்த ஒரு சொல்லைக் கொண்டுதான் நாளைய வேலையைத் திட்டமிட முடியும்.

தொழிலாளத் தோழர்களே! ஒரு பொய்க் கையொப்பத்தால் உருளையில் சிக்குவது பக்கத்தில் நிற்கும் நம் சகோதரியின் கையாக இருக்கலாம். ஆகவே, செய்ததை எழுதுவோம். செய்யாததைச் செய்யவில்லை என்றே எழுதுவோம்.