மனந்திரும்புதலும் கணக்கொப்புவித்தலும்

(திருக்கடையூரில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திருக்கடையூருக்கு நாடெங்கணுமிருந்து மக்கள் வருவது நீண்ட ஆயுளை வேண்டியென்பது யாவரும் அறிந்ததே. அறுபதும் எண்பதும் நிறைந்தோர் மக்கள் மருமக்கள் சூழ இங்கு வந்து சாந்தி செய்துகொள்கின்றனர். அவ்வாறு பெற்ற நாட்களுக்கு என்ன கணக்கு ஒப்புவிப்போம் என்பது கிறிஸ்தவ ஜீவியத்தின் தலையாய கேள்வி. அதனைக் குறித்தே இன்று சில கூற விரும்புகின்றோம்.

மனம் வருந்துதல் வேறு, மனந்திரும்புதல் வேறு. வழிதப்பிய வண்டிக்காரன் நடுவழியில் நின்று எத்துணை அழுதாலும் ஊர் சேரான்; மாட்டைத் திருப்பி ஓட்டுதல் வேண்டும். ஆயக்காரனாகிய சகேயு கண்ணீர் வடித்தானென லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்புவதாகவும் அவன் உறுதி கூறினான் என்றே எழுதினார். காவிரி நாட்டாராகிய நமக்கு இஃது எளிதில் விளங்கும். களத்திற் கூலிநெல்லைக் குறைத்தளந்தவன் ஆலயத்தில் முழந்தாளிட்டமட்டில் கணக்கு நேராகாது; குறைந்த நெல் உரியவன் வீடு சேரவேண்டும்.

தனிமனிதனுக்குக் கணக்கு உண்டெனில், சபைக்கும் குலத்துக்கும் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்வோம். 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே கரையிறங்கினர். மறு ஆண்டு முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றோர் தேனியர் வீட்டு அடிமைகள் ஐவர். சபையின் அடிக்கல்லே எளியோர்தாம்! ஆயினும் அச்சபையின் ஆலயத்திலேயே குலத்துக்கொரு இடமெனத் தனித்தனியே அமரும் வழக்கம் புகுந்தது.

இராஜநாயக்கன் என்பவர் தஞ்சை மன்னர் படையிற் சேவித்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட வேதத்தைத் தமிழிற் படித்து உள்ளம் பற்றி உபதேசியாரானவர். தஞ்சைச் சீமையில் அடியும் இகழ்ச்சியும் பொறுத்து உழைத்தவர். எனினும் 1733-இல் ஆரோனும், 1741-இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றனர். இவருக்கு அது வாய்க்கவில்லை. தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர் கையால் ஏனையோர் நற்கருணை வாங்கார் என்னும் அச்சமே காரணம். 1833-இல் பிஷப் தானியேல் வில்சன், சபைக்குள் சாதிப் பிரிவினை அறவே ஒழியவேண்டுமெனக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டு விலகினர், சாதியை விட்டிலர்.

“அது முன்னோர் செய்தது, நமக்கென்ன?” என்பாருமுளர். தந்தையின் நிலத்தை ஏற்கும் மைந்தன், அந்நிலத்தின்மேல் நின்ற கடனை ஏலேன் என்றால் ஊர் ஒப்புமா? முன்னோர் பெயரையும் பெருமையையும் இச்சங்கத்தில் நாம் பேசி மகிழ்கின்றோம். அவர் வைத்த கடனும் நம்முடையதே. அன்றியும், இது பழங்கதையன்று. தமிழ்நாட்டிற் சிலவிடங்களில் கிறிஸ்தவரின் கல்லறைத் தோட்டங்கூடக் குலத்தாற் பிரிந்தே கிடக்கின்றது. மரித்தோர் உயிர்த்தெழுவர் என்று விசுவாசிப்போர், உயிர்த்தெழுங்காலை எந்தப் பக்கத்திலிருந்து எழுவதென எண்ணிப் பார்த்தனரோ?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. நற்கருணைப் பந்தியை அணுகுமுன், “யார் வீட்டில் உண்ண நம் மனம் கூசுகின்றது?” என ஒவ்வொருவரும் தம்மையே வினவுக. கூலியிலோ கடனிலோ பிறர்க்குக் குறைத்தது உண்டாயின், அடுத்த பண்டிகைக்குக் காத்திராது இம்மாதமே திருப்புக. நமது சங்கத்தின் கல்வி உதவியில் ஒரு பங்கு, நம் குலத்தாரல்லாத ஏழைப் பிள்ளைகளுக்கும் சேர்க. குலத்தாரைத் தாங்குவது தவறன்று. குலத்தோடு அன்பு நின்றுவிடுவதே தவறு.

நெடுநாள் வாழ்தல் வரம். வாழ்ந்த நாட்களின் கணக்கை அஞ்சாது ஒப்புவிக்கத் தக்கவராதல் அதனினும் பெரிய வரம். அவ்வரத்தை எல்லாம்வல்ல ஆண்டவர் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வாராக.