நடூரில் நின்றுவிட்டு ஊட்டிக்குப் போங்கள்

தோழர்களே, லீவு விட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்புகிறீர்கள். நல்லது, நானும் போகிறவன்தான். 14 கொண்டை ஊசி வளைவு, பர்லியாறு தாண்டினால் குளிர், குன்னூரில் ஒரு டீ. ஆனால் மலையேறும் முன்னால், மேட்டுப்பாளையத்தில் வண்டியை நடூர் பக்கம் திருப்புங்கள்.

2019 டிசம்பர் 2, விடியும் முன். 20 அடி உயரச் சுவர் ஓட்டு வீடுகள் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். பெண்கள், குழந்தைகள், எல்லோரும் தலித்துகள். மழை கொன்றது என்பது சுலபம். தங்களைப் பிரித்து வைக்க எழுப்பிய தீண்டாமைச் சுவர் என்றார்கள் அந்த மக்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. மகளையும் மகனையும் பறிகொடுத்த ஒரு தகப்பன் அன்றே இருவரின் கண்களையும் தானம் கொடுத்தார். அந்தக் கண்கள் யாரிடம் போயின, என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை.

அப்புறம் மேலே ஏறுங்கள். நீங்கள் செல்ஃபி எடுக்கிற பச்சையில் ஒரு பகுதி அரசின் டேன்டீ தோட்டம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தர 1968-இல் தொடங்கியது. பஞ்சத்துக்கும் ஊர்ச் சாதிக்கும் தப்பிக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், திரும்பி வந்தும் லைன் வீட்டில்தான்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கும் போங்கள். சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பங்களாவைப் படம் எடுத்து முடித்ததும், பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று கேளுங்கள்.