ஒரு நோட்டை எப்போ நிறுத்தணும்?

போன எபிசோட்ல பேஸ் கிட்டார் கிளாஸ் போறேன்னு சும்மா ஒரு வரி சொன்னேன். உடனே, "யூடியூப்லயே எல்லாம் இருக்கே, வாத்தியார் எதுக்கு?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. நானும் அதை நம்பித்தான் எட்டு மாசம் ஓட்டினேன். டேப் பார்த்துப் பத்துப் பாட்டு வாசிப்பேன். வேகமாவே வாசிப்பேன்.

அப்போ காலேஜ் நண்பர்கள் ஒரு பேண்ட் ஆரம்பிச்சாங்க. ரெண்டு சனிக்கிழமை நானும் போய் வாசிச்சேன். மூணாவது வாரம் "சொல்றோம் மச்சி"ன்னாங்க. சொல்லல. ஒருநாள் இன்ஸ்டா ஸ்டோரியில பார்த்தா, என் இடத்துல வேற ஒருத்தர் நிக்கிறார். என்ன தப்புன்னு யாருமே சொல்லலைங்கிறதுதான் ரொம்ப வலிச்சது. கோட் ரிவ்யூல கூட நாலு கமெண்ட் போட்டுட்டுத்தானே ரிஜெக்ட் பண்றாங்க?

அப்புறம்தான் கோடம்பாக்கத்துல ஒரு சார்கிட்ட போய் நின்னேன். முதல் நாளே, எனக்குத் தெரிஞ்சதுல கஷ்டமானதை வாசிச்சுக் காட்டினேன். பொறுமையா கேட்டார். "சரி தம்பி. ஏ ஸ்ட்ரிங், மூணாவது ஃப்ரெட். மெட்ரோநோம் 60. ஒரு அடிக்கு வாசி, அடுத்த அடிக்கு நிறுத்து." அவ்வளவுதான். ஒரு நிமிஷம். எனக்குக் கொஞ்சம் அவமானமாகூட இருந்தது.

அதை ரெக்கார்ட் பண்ணி, ஹெட்போன் மாட்டிவிட்டார். போன் ஸ்பீக்கர்ல பேஸ் கேட்டு ஏமாறாதீங்க. அடி ஸ்ட்ரிங்கான இ சுமார் 41 ஹெர்ட்ஸ், அந்தக் குட்டி ஸ்பீக்கரால அதைத் தரவே முடியாது. ஹெட்போன்ல கேட்டா... எல்லா நோட்டும் சரியா ஆரம்பிக்குது, ஒன்னுகூட சரியா முடியல. நான் தொடாத இ ஸ்ட்ரிங் வேற கீழே 'ம்ம்ம்'னு ஓடிட்டே இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, மெமரி லீக்.

பக்கத்து ஸ்ட்ரிங் அதிர்ந்தா இதுவும் சேர்ந்து அதிரும். அதனால வலது கை கட்டைவிரல் அந்த இ ஸ்ட்ரிங் மேல உக்காந்திருக்கணும். நோட்டை நிறுத்த இடது விரலைத் தூக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் விடணும். இதை ஏதோ ஒரு வீடியோவில நானும் பார்த்திருக்கேன். ஆனா என் கட்டைவிரல் எங்க இருக்குன்னு அந்த வீடியோ பார்க்கலையே! டேப்லயும் விரலை எங்க வைக்கணும்னு இருக்கும், எப்போ விடணும்னு பெரும்பாலும் இருக்காது.

முதல் மூணு வாரம் இதேதான். மூணு விரல்ல வேகமா வாசிக்கக் கத்துத் தாங்க சார்னு கேட்டா, மோட்டவுன் ரெக்கார்டுகள்ல ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிச்சதெல்லாம் ஒரே ஆள்காட்டி விரல்லன்னு சொல்லி வாயை அடைச்சார். வீட்டுப்பாடமா 'நினைவெல்லாம் நித்யா'வில வர்ற 'பனிவிழும் மலர்வனம்'. 1982 படம். எஸ்.பி.பி. குரலை விட்டுட்டு பேஸை மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னார். சின்ன வயசுல இருந்து கேட்கிற பாட்டு, அடியில தனியா ஒரு மெட்டே ஓடுதுன்னு 28 வயசுலதான் தெரியுது எனக்கு. அப்புறம் மெட்ரோநோமை 30-க்கு இறக்கினார். மெதுவா போனா ஈஸின்னு நினைச்சேன். ரெண்டு செகண்டுக்கு ஒரு 'டிக்'. நடுவுல பிடிச்சுக்க ஒன்னுமே இல்ல. திண்டாடிட்டேன்.

அஞ்சு மாசம் கழிச்சு, அந்த பேண்ட்ல டிரம்ஸ் வாசிக்கிற நண்பனுக்கு நானே போன் பண்ணேன். சண்டைக்கு இல்ல. "அன்னைக்கு என்னடா பிரச்சினை? நான் நோட்டை நிறுத்தாம விட்டதா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

"என்னன்னு அப்போ சொல்லத் தெரியல மச்சி. நீ வாசிக்கிறப்போ என் கிக் டிரம் எனக்கே கேட்காது."

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கான். பேண்டுக்கு இல்ல, நாங்க ரெண்டு பேர் மட்டும். மெட்ரோநோமும் எடுத்துட்டுப் போறேன்.