புதுக்கோட்டை மாநகரும் கோகர்ணத் திருநீரும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



காவிரி பாயும் சோணாட்டிற்கும் வையை பாயும் பாண்டிநாட்டிற்கும் இடையே, வற்றாத ஆறு ஒன்றும் வந்து தொடாத செம்மண் நிலம் ஒன்று உண்டு. அதன் நடுவே அமைந்த நகரம் புதுக்கோட்டை. வெள்ளாறு உளதே எனின், உளது. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அது மணலாறே. முன்னோர் அவ்வாற்றை எல்லையாகக் கொண்டு, வடகரையைக் கோனாடு என்றும் தென்கரையைக் கானாடு என்றும் வழங்கினர். சோழரும் பாண்டியரும் இந்நிலத்தை மாறிமாறி ஆண்டனர். யார் ஆண்டபோதும் உழவர் நோக்கியது வானத்தையும் ஏரிக்கரையையுமே.

இந்நகரின் இயல்பை அறிய விரும்புவார் அரண்மனையிலிருந்து தொடங்குதல் கூடாது. திருக்கோகர்ணத்துக் குன்றடியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அங்குள்ள குடைவரையைப் பல்லவர் பணி என்பாரும் உளர். பாண்டியர் பணி என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. தலவரலாறு கூறுவது இது: காமதேனு சாபத்தால் பசுவாகி மண்ணுலகில் வந்து, மகிழமரத்தடியில் எழுந்தருளிய பெருமானுக்குக் கங்கை நீரைத் தன் செவிகளில் ஏந்திவந்து நாள்தோறும் ஆட்டியது. கோ என்பது பசு. கர்ணம் என்பது செவி. ஒருநாள் இறைவன் வேங்கைப் புலியாகி வழிமறித்தான். பூசையை முடித்துத் திரும்பி வந்து இரையாவேன் என்று கூறிச் சென்ற பசு, கூறியவாறே மீண்டது. நகருக்கு அண்மையிலுள்ள திருவேங்கைவாசலே அவ்விடம்.

ஆற்றங்கரைத் தலங்களில் இத்தகைய வரலாறு தோன்றுவது அரிது. இரு செவி கொள்ளும் நீர் எத்துணை? அத்துணை நீரையும் சிந்தாமல் நெடுந்தொலைவு சுமந்து வரவேண்டும் என்று எண்ணியவர்கள், நீரின் அருமை அறிந்த மக்களே ஆவர். அவர்கள் ஓடும் மழைநீரை வறிதே போகவிடவில்லை. மாவட்டத்தில் இன்றும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் கணக்கில் உள்ளன. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்தது நிரம்பும். அது வழிந்தால் அதற்கடுத்தது. மேலூரார் கலிங்கைச் செம்மையாக வைத்திராவிடில் கீழூரார்க்குச் சோறில்லை. இவ்வட்டாரக் கோயிற் கல்வெட்டுக்களில் விளக்குக்கும் அமுதுபடிக்கும் விட்ட நிலங்களோடு குளமும் மடையும் குமிழியும் பேசப்படுவதன் காரணம் இதுவே.

1686-ஆம் ஆண்டளவில் கிழவன் சேதுபதியின் மைத்துனரான இரகுநாதத் தொண்டைமான் இங்கு அரசு பெற்றார். இவர் மரபினர் தம்மைப் பிரகதாம்பாள் தாசர் என்றே கூறிக்கொண்டனர். 1738-இல் திருவரங்குளக் காட்டில் மௌன விரதம் பூண்டிருந்த சதாசிவப் பிரமேந்திரர், விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசித்தார் என்றும், அம்மணலை மன்னர் அரண்மனைக்கு எடுத்துச்சென்று வழிபட்டார் என்றும் கூறுவர். ஒருபுறம் அம்மன் திருவுருவமும் மறுபுறம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்துக்களும் பொறித்த சிறு செப்புக்காசு இச்சமஸ்தானத்திற்கே உரியது. நவராத்திரியில் அரிசியும் அக்காசும் ஏழையர்க்கு வழங்கினர். அதனாலேயே பெரியநாயகி அரைக்காசு அம்மன் ஆயினள்.

கொடை இவ்வாறிருக்க, உழுதவன் நிலையையும் மறைத்தல் ஆகாது. அமானி என்றொரு முறை இருந்தது. விளைச்சலை அரசும் குடியும் பங்கிட்டுக்கொள்ளும். அதிகாரி வந்து கண்டாலன்றிக் கதிரறுத்தல் கூடாது. முற்றிய நெல் வயலிலே உதிரும். காவலரும் கணக்கரும் தத்தம் பங்கைத் தனியே கொள்வர். தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை இந்நிலத்தை வாட்டியது. 1878-இல் திவானாக வந்த அ. சேஷையா சாஸ்திரியார் அமானியை ஒழித்துப் பணத்தீர்வை ஏற்படுத்தினார். ஏரிகளையும் நகரக் குளங்களையும் செப்பனிட்டார். கீழராஜவீதி, மேலராஜவீதி எனக் கோடு கிழித்தாற்போல் செல்லும் வீதிகளைக் கண்டு வியப்போர், அக்குளங்களையும் ஒருகால் சென்று காண்பாராக.

அமானிக் காவலை எண்ணும்போது கொடும்பாளூர் நினைவுக்கு வாராமற் போகாது. கோனாட்டுக் கொடும்பாளூரில் அரசிருந்த இடங்கழி நாயனாரின் நெற்பண்டாரத்தில், அடியார்க்கு அமுதூட்ட வேறு வழியின்றி ஒருவர் இரவிற் புகுந்து நெல் எடுத்தார். காவலர் பிடித்துவந்து நிறுத்தினர். காரணம் கேட்ட மன்னர் அவரை விடுவித்ததோடு அமையாது, அடியார் எல்லாரும் பண்டாரத்தை முகந்துகொள்க என்று பறையறைவித்தார். நெல்லைப் பூட்டிவைத்த அதிகாரமும் அதனைத் திறந்துவிட்ட அருளும் ஆகிய இரண்டும் இம்மண்ணின் வரலாறே.

பிற்காலச் செய்திகள் பலரும் அறிந்தவை. 1912-இல் நகராட்சி, 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைவு, 1974 சனவரி 14-இல் தனி மாவட்டம், 2024-இல் மாநகராட்சி. பட்டம் உயரினும், நகரின் வாழ்வு இன்னும் சுற்றுச் சிற்றூர்களின் கையிலேதான். ஆலங்குடிப் பக்கத்துப் பலாவும், கீரமங்கலத்துப் பூவும், ஆதனக்கோட்டை முந்திரியும், நெல்லும் கடலையும் வந்தால்தான் கடைவீதி களைகட்டும். மழை பொய்த்த ஆண்டில் துணிக்கடையும் நகைக்கடையும் வெறிச்சோடும். கோயில் உண்டியலும் அதனைக் காட்டிவிடும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் ஓர் இரவில் தென்னந்தோப்புக்களை வேரொடு சாய்த்தது. தலைமுறை உழைப்பு மண்ணிற் கிடந்தது. ஆயினும் அதற்குப் பின்னரே சில ஊர்களில் இளைஞர் தாமே முன்வந்து குளங்களைத் தூர்வாரத் தொடங்கினர். 2021-இல் காவிரியை வெள்ளாறு, வையை, குண்டாறு ஆகியவற்றோடு இணைக்கும் கால்வாய்க்கு இம்மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பெற்றது. காவிரி வருக. வருங்கால் தேங்கி நிற்க ஏரி வேண்டுமே! நகரைச் சுற்றிலும் வரத்துக் கால்கள் பல மனையாகியும் குப்பைமேடாகியும் அடைபட்டுள்ளன. மேட்டுநிலக் காடுகள் பலவற்றில் தைலமரம் நிற்கிறது.

திருப்பணிச் செல்வர்களே, யாகசாலைக் கும்பத்தில் நிறைவதும் விமானக் கலசத்தின்மேல் சொரிவதும் நீரே. கோபுரத்திற்கு வண்ணம் தீட்ட மனமுவந்து ஈந்த கைகள் அவ்வூர்த் திருக்குளத்தின் வரத்துக்காலையும் நினைத்தல் புதிய அறமன்று. பழைய கல்வெட்டுக்களில் உள்ளதே.

காணாமற்போன பொருள் கிடைக்க வேண்டி அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வழிபடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். மோதிரம், சாவி, நிலப்பத்திரம் என வேண்டுவார் பலர். தந்தை காலத்தில் தம் வயலுக்கு நீர் வந்த வாய்க்கால் எங்கே என்று தேடும் உழவரும் அச்சந்நிதியில் நிற்கின்றனர்.