நாளும் ஒரு கூடை மண்



உத்திரமேரூர் என்றதும் உலகோர் நினைவுக்கு வருவது குடவோலை முறை. வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அதனை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளுக்கு 30 பேர். அவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். தேர்தலைப் பாராட்டுவோர் பலர். தேர்வுபெற்ற அந்த அறுவரின் பணியை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

ஏரிக்குப் பகை வறட்சி மட்டும் அன்று, வண்டலும் பகையே. மழைதோறும் நீரோடு மண்ணும் வந்து சேர்கிறது. ஓராண்டில் படியும் மண் கண்ணுக்குப் புலப்படாது. "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றே தோன்றும். அப்படிப் பல ஆண்டுகள் கழிந்தால் ஏரி மேடாகும், வயல் கரம்பாகும். முன்னோர் இதனை அறிந்திருந்தனர். இவ்வூரின் வயிரமேக தடாகத்தில் தூர் எடுக்க அறக்கொடை வைத்த செய்தி கல்வெட்டுகளில் உண்டு. முதல் குறையாதிருக்க, வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் பணி நடக்கும்படி பொன் வைப்பது அக்கால வழக்கம். வாரிய மண்ணே கரைக்கு வலிமையும் ஆயிற்று.

வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாட்கள். கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. "நாளைக்குக் காட்டலாம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

வள்ளுவப் பெருந்தகையும் மடியின்மைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கும் கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலம் என்பது அவர் கருத்து. தமிழகத்து ஏரிகளிலோ தூர் வாருவதற்கென்றே ஓடங்கள் இருந்தன. எந்தக் கலத்தில் ஏறுவது என்பது அவரவர் தேர்வு.

உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பினார். வகுப்பும் நடத்தி, எஞ்சிய பொழுதில் ஏடு ஏடாக ஒப்பிட்டு, 1887இல் நூலை வெளியிட்டார். எண்பது வயது கடந்தபின், 1940இல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை வாரம் ஒரு பகுதியாக எழுதத் தொடங்கினார். 1942இல் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. எனினும் 122 அத்தியாயங்கள் தமிழுக்குக் கிடைத்தன. முழு ஓய்வு வரட்டும் என்று காத்திருந்தால் ஒன்றும் கிடைத்திராது. எழுதப்படாத ஆண்டுகளோ அவரோடு போயின.

இவ்வட்டாரத்தில் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் அறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று எண்ணாத தமிழார்வலர் இல்லை; எழுதியவர் மிகச் சிலர். நூல் எழுதப் போகிறோம் என்னும் மலைப்பே கையைக் கட்டிவிடுகிறது. இன்று ஒரு பாட்டியிடம் ஒரு பாட்டு என்றால் மலைப்பு எங்கே? நாளுக்கு ஒரு பக்கம் எழுதுவோர்க்கு ஆண்டு முடிவில் 365 பக்கம். ஒருநாள் தவறினால் மனம் சோர வேண்டா. மறுநாள் மறவாமல் தொடர்ந்தால் போதும்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டும் ஒரு நாளில் வந்ததன்று. ஏரியை ஒரே நாளில் தூர் வார எவராலும் ஆகாது. ஒரு கூடை மண் எடுக்க எவராலும் ஆகும். அந்தக் கூடையை இன்றே எடுப்பீராக.